கண்ணாடி பார்க்கும் மாப்பிள்ளை

கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவரை அடையாளம் காண்பது சுலபம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் தண்ணீர் பாட்டில், மார்புக்குக் குறுக்கே ஒரு பை, புடவையின் விலையைக் கேட்டதும் மனசுக்குள் டாலராக மாற்றிப் பார்க்கும் ஒரு விநாடி மௌனம். இவையெல்லாம் பழைய அடையாளங்கள். இப்போது தாம்பரத்துக்காரரே இவற்றோடுதான் வருகிறார். நம்பகமான அடையாளம் பட்டுக்கடைக்குள் இல்லை, வாசலில் நிற்கும் காரில் இருக்கிறது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஒருவர் இடுப்புக்குக் கீழே கையை விட்டுத் துழாவினால், அவர் தேடுவது விழுந்துபோன சில்லறையை அல்ல, சீட் பெல்ட்டை. அந்தப் பெல்ட்டின் கொக்கி, கார் வாங்கிய வாரமே சீட் கவருக்கு அடியில் ஜீவசமாதி அடைந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்கும்வரை வண்டி கிளம்பாது. மாமியாரும் மச்சானும் வாடகைக் கார் டிரைவரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். மாப்பிள்ளை ஃபாரின் லைசென்ஸ் வாங்கியவர் அல்லவா? அவருடைய பர்ஸைத் திறந்தால் அந்த அட்டை முன்னாலும் காமாட்சி அம்மன் படம் அதற்குப் பின்னாலும் இருக்கும்.

ஆள் பந்தா பண்ணுகிறார் என்பது அவரைப் பற்றி ஊரில் நிலவும் கருத்து. அதில் பாதிதான் நியாயம். பந்தா இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் பதவி உயர்ந்ததைச் சொல்லாமல், சொந்த வீடு வாங்கியதைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்லி, லைசென்ஸ் வாங்கிய கதையை மட்டும் பந்திக்குப் பந்தி ஒருவர் விளம்புகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பெயிலானேன் என்று அவரே ஒப்புக்கொள்ளும் ஒரே பரீட்சை அது. இன்ஜினீயரிங்கில் வைத்த அரியர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு முறையோ மூன்று முறையோ கோட்டை விட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்து, கடைசியில் தேறிய அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அட்டையைப் போட்டவர் அவர். அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தப்பான இடத்தில் சிரிக்கிறார்கள் என்பது என் கட்சி. அங்கே அவர் கற்றுக்கொண்டது கேலிக்குரிய விஷயமே இல்லை. கற்றதை மீனம்பாக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு ஊருக்குள் வருகிறாரே, சிரிக்க வேண்டிய இடம் அதுதான்.

கிளம்பும்போது அவர் எப்படிப்பட்ட வீரர் என்று பார்த்தால்தான் விழுந்த உயரம் தெரியும். டி.என். 21 நம்பர் பிளேட்டோடு வளர்ந்தவர். பதினெட்டு முடிந்த வாரமே எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் பொறுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காலை ஊன்றாமல் எட்டு போட்டவர். அப்புறம் கார். மூங்கில் மண்டபத்தைச் சுற்றி பஸ், ஷேர் ஆட்டோ, பிள்ளையார்பாளையத்துக்குப் பட்டு நூல் மூட்டையோடு போகும் டி.வி.எஸ். 50, யாருக்கும் கட்டுப்படாத மாடு, சங்கர மடத்துக்கு வழி கேட்டு நடுரோட்டில் நிற்கும் வெளியூர் யாத்திரை வேன் என எல்லாவற்றுக்கும் நடுவே, ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் ஹாரன் என்று ஊசியில் நூல் கோப்பதுபோல் ஓட்டியவர். அந்த ஓட்டத்தில் அவருக்குத் தேவைப்படாத ஒரே உறுப்பு சைடு மிரர். அதை எப்போதும் மடக்கியே வைத்திருப்பார். விரித்தால் ஆட்டோ இடித்துக்கொண்டு போய்விடும், புதுக் கண்ணாடி தண்டச் செலவு என்பது அவர் கணக்கு. அந்த மடக்கிய கண்ணாடியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறுமுன் ஆயிரம் ரூபாய் கட்டி ‘இன்டர்நேஷனல்’ ஒன்றும் வாங்கிக்கொள்கிறார். பெயரைப் பார்த்து, உலகத்துச் சாலையெல்லாம் தனக்கு எழுதி வைக்கப்பட்டுவிட்டதாக எண்ணம். 1949-ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தத்தின்படி, நம் லைசென்ஸை அயல்நாட்டுப் போலீஸ்காரருக்குப் புரியவைக்கும் மொழிபெயர்ப்புத்தான் அது. ஆயுள் அதிகம் போனால் ஒரு வருடம்.

முதல் அடி விழுவது இங்கேதான். சுற்றிப் பார்க்க வந்தவர் என்றிருக்கும்வரை அவருடைய லைசென்ஸை மதிக்கிற நாடு, குடியிருக்க வந்தவர் என்று தெரிந்ததும் கைவிரித்துவிடுகிறது. துபாய்க்கு டூரிஸ்ட்டாகப் போனால் இன்டர்நேஷனலைக் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம். ரெசிடென்ட் விசா வந்த பிறகு அதே சாலையில் அதே சீட்டோடு ஓட்டினால் குற்றம். ஜெர்மனி ஆறு மாதம் தவணை தருகிறது, பிரிட்டன் பன்னிரண்டு மாதம். அதற்குப் பிறகு பதினைந்து வருட அனுபவசாலியும் காரில் சிவப்பு ‘எல்’ ஒட்டிக்கொண்டு ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விருந்தாளியை நம்புகிறவன் குடியிருப்பவனை நம்ப மாட்டேன் என்பது என்ன தர்மம் என்று அவர் பொருமுவார். நம்மூர்க்காரருக்கு இது புரியாமல் போகக் கூடாது. தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரும். அவரே வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டால், கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரியுமா, கரண்ட் பில் கட்டத் தெரியுமா என்று பரீட்சை ஆரம்பமாகிவிடும். குவைத் இன்னும் ஒரு படி மேலே போய், லைசென்ஸ் கேட்கும் வெளிநாட்டவருக்குப் பட்டப்படிப்பு, மாதம் 600 தினார் சம்பளம், இரண்டு வருட வாசம் என்றெல்லாம் நிபந்தனை வைத்தது. ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

எழுத்துத் தேர்வில் அவர் தப்பித்துவிடுவார். மனப்பாடம் நம் பரம்பரைச் சொத்து. சிங்கப்பூரின் அடிப்படைத் தேர்வில் 50 கேள்விக்கு 45 சரியாக இருக்க வேண்டும், பிரிட்டனில் 50-க்கு 43. பிரிட்டனில் அந்தக் கேள்விகளைத் தமிழிலேயே காதில் கேட்டு எழுதும் வசதிகூட 2014 ஏப்ரல் வரை இருந்தது. உதைப்பது 2002-ல் அங்கே சேர்த்த இன்னொரு பகுதி. திரையில் ஒரு சாலை ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பட்டனைத் தட்ட வேண்டும். நின்ற வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிறது, சைக்கிள்காரர் லேசாக ஆடுகிறார். நம்மவர் தட்டமாட்டார். இதெல்லாம் ஒரு ஆபத்தா, உண்மையானது பின்னால் வரும் என்று காத்திருப்பார். படம் முடிந்துவிடும். அப்புறம் சாலைத் தேர்வு. பக்கத்தில் உட்காரும் அதிகாரி திட்டமாட்டார், பிரேக்கில் காலும் வைக்கமாட்டார், மடியில் உள்ள பலகையில் ஏதோ குறித்துக்கொண்டே வருவார். ஏறக்குறைய நாற்பது நிமிடம். சின்னத் தவறு பதினைந்து வரை மன்னிப்பு உண்டு, பெரியது ஒன்று போதும். நம்மவர் கியர் மாற்றுவது வெண்ணெயாக இருக்கும், ஒரே வீச்சில் பார்க்கிங் செய்வார். முடிவு, பெயில். கிளம்பும்போது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லையாம். “அங்கேதான் யாரும் வரவில்லையே!” என்பார் இவர். “வரவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார் அவர். அந்தக் கேள்விக்கு இன்றுவரை இவரிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் முழுக்கக் கழுத்துப் பயிற்சிதான். பரதநாட்டியத்தில் கிரீவா பேதம் நான்கு. தேர்வு அதிகாரியின் கண்ணில் படும்படி கண்ணாடி பார்ப்பதற்காக, நம்மவர் ஐந்தாவது ஒன்றை உருவாக்கியிருப்பார்.

இந்தக் கழுத்து வேலையைச் சடங்கு என்று தள்ளிவிடக் கூடாது. என் வாதத்தின் ஆணிவேரே அதுதான். சாலையில் இரண்டு விதமான பொறுப்பு உண்டு. நான் வருகிறேன் என்று அடுத்தவருக்குத் தெரிவிப்பது ஒன்று, அடுத்தவர் வருகிறாரா என்று நான் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதன் கருவி ஹாரன், இரண்டாவதன் கருவி கண்ணாடி. நம் சாலைகள் முழுக்க முழுக்க ஹாரனின் மேல் நடக்கின்றன. லாரிகளின் முதுகில் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியிருப்பதன் அர்த்தம் என்ன? நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, நீயே கூவிச் சொல் என்பதுதான். கூவியவன் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு இடித்தால் காது கேட்காதவன் குற்றம். ராஜா புறப்படும்போது கட்டியக்காரன் முன்னால் கூவிக்கொண்டு போவானே, அந்த உரிமையை அறுநூறு ரூபாய் ஹாரனில் நாம் ஜனநாயகப்படுத்திவிட்டோம். பிரிட்டனின் சாலை விதியோ, குடியிருப்புப் பகுதியில் இரவு பதினொன்றரை முதல் காலை ஏழு வரை ஓடும் வண்டி ஹாரனே அடிக்கக் கூடாது என்கிறது. ஹாரனைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கையில் கண்ணாடியைக் கொடுக்கிறார்கள். ஃபாரின் லைசென்ஸ் என்பதன் முழுப் பாடமும் இந்த மாற்றம்தான். வண்டி ஓட்ட அவருக்கு முன்பே தெரியும். பார்ப்பது தன் வேலை என்பதைத்தான் அங்கே போய்த் தெரிந்துகொண்டார்.

இது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று இந்த இடத்தில் யாராவது சொல்வார்கள். நம் சட்டத்தையே திறந்து பார்க்கலாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதினைந்தாவது விதி, ஓட்டுநர் தேர்வில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலின் முதல் வரி கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. பின்புறம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வது. ஆக, நம்மவர் துபாயிலும் லண்டனிலும் பணம் கட்டிக் கற்ற பாடம் நம் விதிப்புத்தகத்திலேயே முதல் வரியாக இருக்கிறது. முதல் வரியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் விடுவது எவ்வளவு சகஜம் என்பதற்கும் சான்று உண்டு. டெல்லியில் லைசென்ஸ் வாங்கச் சென்றவர்களைப் பின்தொடர்ந்து பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. லைசென்ஸ் கிடைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓட்டிக் காட்டவே இல்லை. தனியாக ஓட்டச் சொல்லிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓட்டவும் தெரியவில்லை. அப்படியென்றால், நம்முடைய லைசென்ஸை அப்படியே மாற்றித் தர மறுக்கும் அயல்நாட்டு அதிகாரியைக் குறை சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது நல்லது.

தாழ்த்திக்கொள்ள அவர் தயாரில்லை. அமெரிக்க லைசென்ஸ்காரரும் பிரிட்டிஷ் லைசென்ஸ்காரரும் துபாயில் கண் பரிசோதனையோடு அட்டையை மாற்றிக்கொண்டு போகிறார்கள், இந்தியன் மட்டும் வகுப்பில் உட்கார வேண்டுமா, இது பணம் பறிக்கும் வேலை, இன வேற்றுமை என்பார். பாதி உண்மைதான். கட்டணம் கனமானது. நாட்டைப் பார்த்துச் சலுகை தரும் பட்டியல்களில் அரசியலும் உண்டு. 600 தினார் சம்பளத்துக்கும் பின்னால் வரும் சைக்கிளைப் பார்ப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பரீட்சையே அநீதி என்று சொல்லும் உரிமை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கு இருந்தாலும் காஞ்சிபுரத்துக்காரருக்கு இல்லை. ஜரிகை என்று யார் சொன்னாலும் நம்பாத ஊர் இது. முந்தானை ஓரத்தில் ஒரு இழையை இழுத்து, நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். புவிசார் குறியீடு வாங்கி, சில்க் மார்க் சீட்டு தொங்கவிட்டு, எங்கள் பெயரில் எவனோ நெய்ததையெல்லாம் விற்கக் கூடாது என்று வாதாடுகிறோம். வெளியூர்ச் சரக்கைச் சுரண்டிப் பார்ப்பது நமக்கு நியாயம் என்றால், வெளியூர் ஓட்டுநரைச் சுரண்டிப் பார்ப்பது அவர்களுக்கும் நியாயம்தான். பத்துக் கேள்வியில் ஏழு சரியென்றால் போதும் என்று ஜப்பான் வைத்திருந்த மாற்றுத் தேர்வு, 2025 அக்டோபரிலிருந்து 50 கேள்வியாகி 90 சதவீதம் கேட்கிறது. உரசல் எங்கும் கூடிக்கொண்டுதான் போகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பலமானது. கருட சேவை நெரிசலில் சின்ன காஞ்சிபுரத்துக்குள் வண்டி விட்டவனுக்கு எவன் பரீட்சை வைப்பது, எங்கள் கைத்திறமை அவர்களுக்கு வருமா என்பது. திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரின் உயர்ந்த திறமைகள் எதுவுமே பார்க்காமல் பாயும் ரகம் இல்லை. ஊரிலேயே பெரிய வாகனம் தேர். அதை ஓட்டுவது வடம் இழுக்கும் ஆயிரம் பேர் அல்ல. சக்கரத்தடியில் குனிந்து, ஒவ்வோர் அடிக்கும் பார்த்துப் பார்த்து முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேர். ராஜ வீதித் திருப்பத்தில் அவர்கள் கண் ஒரு விநாடி தவறினால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். தறிக்கு வாருங்கள். பழைய முறையில் கோர்வைப் புடவை நெய்ய மூன்று நாடா வேண்டும், மறு பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். பார்டரும் உடலும் சேரும் இடத்தில் இருவர் கண்ணும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கோர்வை பிரிந்துபோகும். தேரையும் தறியையும் இத்தனை கவனமாக ஓட்டத் தெரிந்த ஊர், காரில் ஏறியதும் கண்ணாடியை மடக்கிவிடுகிறது என்றால், அதைத் திறமை என்று சொல்ல முடியாது. மறதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாவதாக வருவது தத்துவம். இதெல்லாம் ரத்தத்தில் வர வேண்டும், நம் ஜனங்களைத் திருத்த முடியாது என்பது. இதை மறுக்க நம் மாப்பிள்ளையே நடமாடும் சாட்சி. காலிச் சாலையில், நள்ளிரவில், யாருமில்லாத ‘ஸ்டாப்’ பலகைக்கு முன்னால் வண்டியை முழுசாக நிறுத்தி மூச்சு விட்டுக் கிளம்புகிறாரே, அந்த ரத்தம் பிள்ளையார்பாளையத்து ரத்தம்தான். இந்த மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார் செய்கிறார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு அனுப்பும் கார்களில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றி வைத்துத்தான் கப்பலேற்றுகிறார்கள். கார் மாறுகிறது, மனிதனும் மாறிக்கொள்கிறான். ரத்தத்துக்கு இதில் வேலையில்லை. சங்கடம் என்னவென்றால், அவர் அதே வேகத்தில் திரும்பியும் மாறிக்கொள்கிறார். முதல் நாள் பின் சீட்டில் பெல்ட் தேடியவர், இரண்டாம் நாள் டிரைவருக்கு லேன் பற்றிப் பிரசங்கம் செய்வார். மூன்றாம் நாள் மச்சானின் காரை வாங்கி ஓட்டுவார். வெள்ளை கேட் தாண்டுவதற்குள் கட்டை விரல் தானாக ஹாரனுக்குப் போய்விடும். ரங்கசாமி குளம் வருவதற்குள் பழைய டி.என். 21 முழு உருவத்தில் எழுந்தருளிவிடும். கேட்டால், ‘இங்கே இப்படித்தான் ஓட்டணும், இல்லாட்டி வீடு போய்ச் சேர முடியாது’ என்பார்.

இந்தச் சமாதானத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அவர் அங்கே கற்ற எல்லாவற்றையும் இங்கே கொண்டுவர முடியாது என்பது சரி. லேனே இல்லாத தெருவில் லேன் பிடிப்பது பைத்தியக்காரத்தனம். ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்கு வழிவிட்டுத்தான் நுழைவேன் என்று நின்றால் பொழுது சாய்ந்துவிடும். ஹாரனையும் முழுசாக விட்டுவிட முடியாது; மாட்டுக்கு இண்டிகேட்டர் புரியாது. ஆனால் கண்ணாடி பார்க்க லேன் வேண்டாம், போலீஸ் வேண்டாம், எதிராளியின் ஒத்துழைப்புகூட வேண்டாம். ஒரு தெருவில் ஒரே ஒருவர் பார்த்தாலும் அந்த ஒருவரளவுக்குப் பலன் உண்டு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதே ஆண்டு பிரிட்டனில் சுமார் 1,700 பேர். மக்கள்தொகையில் நாம் அவர்களைப்போல் இருபது மடங்குக்குச் சற்று மேல், சாவில் ஏறக்குறைய நூறு மடங்கு. சாலையின் அமைப்பு, ஆம்புலன்ஸ் வரும் நேரம், தலைக்கவசம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் கண்ணாடியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இருந்தாலும் மற்றவற்றைச் சரிசெய்ய அரசாங்கம் வேண்டும். கண்ணாடிக்கு ஒரு கை போதும்.

ஆகவே, வரும் வைகாசிக் கருட சேவைக்கு ஊருக்கு வரவிருக்கும் மாப்பிள்ளைமார்களுக்கு ஒரு விண்ணப்பம். அட்டையைப் பந்தியில் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனையாவது தடவையில் தேறினீர்கள் என்பதை வேண்டுமானால் ஒன்று குறைத்தே சொல்லிக்கொள்ளுங்கள். மச்சானின் கார் சாவியை வாங்கியதும், ஏசியைத் தட்டுவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் மடங்கிக் கிடக்கும் கண்ணாடிகளை விரித்துவிட்டு, ஒரு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஆட்டோ இடித்து ஒரு கண்ணாடி உடைந்தாலும் உடையலாம். நீங்கள் மூன்றாம் தடவை கட்டிய தேர்வுக் கட்டணத்தைவிட அது மலிவாகத்தான் இருக்கும்.